அருளுக்கு, பியானோ பழகிய அக்கா எழுதுவது

என் செல்லத் தம்பி அருளுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்து முடித்துக்கொள். உன் அக்கா பியானோ வாசிக்கப் பழகிவிட்டாள். பசறை பஜாரில் நாள் முழுக்க ஜாக்கெட்டும் பாடசாலைச் சட்டையும் தைக்கிற அதே எஸ்தர்தான். ஐம்பதைத் தாண்டிய பிறகு, நீ வாசித்த அதே பியானோவில், இரண்டு கையாலும்.

நெஞ்சுவலி வந்து நீ எங்களை விட்டுப் போய் நாலு வருடமாகிறது. உனக்குச் சொல்ல வேண்டிய பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. எடுத்தவுடன் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் பியானோவிலிருந்து தொடங்குகிறேன். எப்படியும் பேச்சு அங்கேதான் போய்ச் சேரும்.

நீ போன பிறகு ஆலயத்தில் அந்தப் பியானோவின் மூடியை யாரும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் பாட்டைத் தொடங்குவார். சபையில் ஆளுக்கொரு சுருதி. இரண்டாவது சரணம் வருவதற்குள் பாதிப் பேர் களைத்துவிடுவார்கள். தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் கிடந்ததைக் கேட்டு வாங்கி, டிராக்டரில் ஏற்றி, நமுனுகுல மலை ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் பிடித்துக்கொண்டே வந்து சேர்த்தவன் நீ. மலைப்பனியின் ஈரம் உள்ளே இறங்காமலிருக்க அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன பல்பு எப்போதும் எரியும். அந்த பல்பு போனபோது மாற்ற வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை நானும் மெர்சியும் ஆலயம் கூட்டப் போனோம். மெர்சி, உன் மனைவி, நீ போன பிறகும் நம் வீட்டில்தான் இருந்தாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை எங்கே போவாள் என்று அம்மா அவளை விடவில்லை. அவளும் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டு எங்களோடு இருந்துவிட்டாள். அன்றைக்கு அவள் மூடியைத் திறந்து துணியால் கட்டைகளைத் துடைத்தாள். சில கட்டைகள் அழுத்தியதும் உள்ளே போய், மேலே வராமல் அப்படியே நின்றன.

"அண்ணி, இது இப்படியே கெடந்தா வீணாப் போயிரும்," என்றாள்.

"வாசிக்க ஆள் இல்லையே. என்ன பண்றது?"

"நீங்க பழகுங்க."

"இந்த வயசுலயா?"

"மிஷின் ஓட்டுற கைதானே. பழகிரும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமே ஒரு ஆளைப் பிடித்து ஒட்டின கட்டைகளைச் சரிபார்த்து, புது பல்பும் போட்டு, பதுளையில் ஒரு பியானோ டீச்சர் வீட்டையும் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

டீச்சர் பெயர் நதீஷா. சிங்களப் பிள்ளை, எனக்கு மகள் வயதுதான் இருக்கும். வாசலில் சின்னப் பிள்ளைகளின் செருப்புகளுக்கு நடுவில் என் செருப்பையும் விட்டுவிட்டு உள்ளே போனேன். "யாரு பிள்ளைக்கு அக்கே?" என்று கேட்டாள். சிங்களத்தில் அக்காவுக்கு அக்கே. எனக்குத்தான் என்று மெல்லச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை என் உயரத்துக்குச் சரிசெய்தாள். அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன், அருள். இத்தனை கட்டையும் ஒரே மாதிரி இருக்கிறதே, எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? அவள் என் விரலைப் பிடித்துக் கறுப்புக் கட்டைகள் மேல் வைத்தாள். இரண்டு, பிறகு மூன்று, மறுபடி இரண்டு, மறுபடி மூன்று. இரண்டாக நிற்கிற கறுப்புக்கு இடது பக்கத்தில் ஒட்டி இருக்கிற வெள்ளைதான் சி. அவ்வளவுதான். உன் பக்கத்தில் நின்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பாடியிருக்கிறேன். கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாக நிற்பதை ஒரு நாளும் கவனித்ததில்லை.

இசைத் தாளில் எழுதியிருப்பதைப் படிப்பதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மேலே ஐந்து கோடு, கீழே ஐந்து கோடு. மேலே இருப்பதில் அடிக்கோட்டில் புள்ளி நின்றால் இ. கீழே இருப்பதில் அதே அடிக்கோட்டில் நின்றால் ஜி. இது என்ன நியாயம்? ஒரே மாதிரி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

"எல்லாம் ஒண்ணா எழுதினா கோடு நிறைய வேணும் அக்கே," என்றாள் நதீஷா. "கண்ணு எண்ணி எண்ணிக் களைச்சிரும். அதுதான் மேல சத்தத்துக்கு ஒண்ணு, கீழ சத்தத்துக்கு ஒண்ணு. நடுவுல இருக்கிறது நடு சி. ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம்." பிறகு மெல்ல, "ஒவ்வொரு புள்ளியையும் பேர் சொல்லிப் படிக்க வேணாம். முந்தின புள்ளியில இருந்து மேல போகுதா, கீழ போகுதா, எவ்வளவு தூரம், அதைப் பாருங்க," என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குப் பிடிபட்டது.

அடுத்தது, எஃப்-க்கும் ஜி-க்கும் நடுவில் இருக்கிற கறுப்புக் கட்டை. ஒரு நாள் அதை எஃப் ஷார்ப் என்றாள், இன்னொரு நாள் அதையே ஜி ஃப்ளாட் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் ஜி மேஜர் என்கிற சுர வரிசையை வாசித்துக் காட்டினாள். அந்த வரிசையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு முறை வர வேண்டும். அந்தக் கட்டையை ஜி ஃப்ளாட் என்று எழுதினால் ஜி இரண்டு தரம் வரும், எஃப் வராமலே போய்விடும். அதனால் அங்கே அது எஃப் ஷார்ப். வேறு வரிசைக்குப் போனால் வேறு பெயர். நீ இதையெல்லாம் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய்? தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக உட்கார்ந்து செக்ரோலில் ஆட்களின் பேர் எழுதிக்கொண்டே எப்போது படித்தாய்?

கை விஷயத்தைக் கேள். மோதிர விரல் என்ன செய்தாலும் தனியாகத் தூக்க வரவில்லை. வயதாகிவிட்டது, நரம்பு இறுகிவிட்டது என்று நினைத்து வீட்டில் அழுதேவிட்டேன். மறுவாரம் நதீஷா என் கையை மேசை மேல் வைக்கச் சொன்னாள். நடுவிரலை உள்பக்கம் மடித்துக்கொண்டு, மோதிர விரலை மட்டும் தூக்குங்கள் என்றாள். அசையவில்லை. அவளும் தன் கையை வைத்துக் காட்டினாள், அவளுக்கும் அசையவில்லை. "எல்லாருக்கும் அப்படித்தான். உள்ளுக்கு ரெண்டும் கட்டிப் போட்டிருக்கு. பலமாத் தூக்கினா கை நோகும். மணிக்கட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ங்க, கையோட பாரம் விரலுக்கு வரும்." அன்றைக்குப் பசறை பஸ்ஸில் வரும்போது வழி நெடுக மடியில் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வரிசை ஏறும்போது வலது கையில் பெருவிரல் அடியில் புகுந்து போக வேண்டும். இடது கையில் அப்படி இல்லை, நடுவிரல் பெருவிரலுக்கு மேலால் தாண்ட வேண்டும். இரண்டு கையையும் சேர்த்தால் ஒன்று மற்றதைப் பார்த்துக் கெட்டுப்போகும். தனித்தனியாக வாசித்து, பிறகு ஒரே ஒரு வரியை மட்டும், ஆமை நடக்கிற மாதிரி, இரண்டு கையிலும். தடுக்கினால் தொடக்கத்துக்கு ஓடக் கூடாது, தடுக்கிய இடத்தை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். இதையெல்லாம் நான் சொன்னால் மெர்சி முன்பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வது போல, "நல்ல பிள்ளை," என்பாள்.

சத்தத்தை நீட்டிப் பிடிக்கிற பெடல்தான் எனக்கு எளிதாக வரும் என்று நினைத்தேன். இத்தனை வருடம் காலால் மிஷின் மிதித்தவள் அல்லவா? அதுதான் கெடுத்தது. தையலில் கையும் காலும் சேர்ந்தே போகும். பியானோவில் முதலில் கை, சத்தம் பிறந்த பிறகுதான் கால். அடுத்த சத்தம் பிறக்கிற அதே கணத்தில் காலை எடுத்து, உடனே மறுபடி வைக்க வேண்டும். நான் சேர்த்து மிதித்ததில் எல்லாச் சத்தமும் குழைந்து கூழாகிவிட்டது. என் காலுக்கு இதைப் புரியவைக்க ஒரு மழைக்காலமே போய்விட்டது.

இப்போது செய்திக்கு வருகிறேன்.

ஒரு நாள் மத்தியானம் மெர்சி கடைக்கு வந்தாள். சந்தன நிறத்தில் ஒரு துணி கொண்டு வந்திருந்தாள். "அண்ணி, ஒரு ஜாக்கெட் தைக்கணும்," என்று சொல்லிவிட்டு அந்தத் துணியின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றாள்.

"என்னத்துக்கு? யாருக்காவது கல்யாணமா?"

துணியை மிஷின் மேல் வைத்தாள். "பஸ் ஓட்டுறாரே டேவிட். நம்ம சபைக்கு வருவாரே, அவரு. என்னையக் கட்டிக்கிறேன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. உங்களக் கேக்காமச் சொல்ல மாட்டேன்."

அருள், நான் உன் அக்கா. கேட்டவுடன் அந்தத் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் முகத்தைப் பார். முப்பத்தைந்து வயது. மூன்று வருடமாக நம் வீட்டில் காலையில் எழுந்து அம்மாவுக்குத் தேநீர் ஊற்றி, உன் படத்துக்குப் பூ வைத்துவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளை. இனி அவள் எதற்கு என்னிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்? கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தேன்.

"கையத் தூக்கு," என்றேன்.

"அண்ணி?"

"கையத் தூக்குடி. அளவெடுக்காம எப்படித் தைக்கிறது?"

அவள் கையைத் தூக்கிக்கொண்டே அழுதாள். நானும் அளவைத் தப்பாக எடுத்து, மறுநாள் கூப்பிட்டு மறுபடி எடுக்க வேண்டியதாகிவிட்டது. போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "பொண்ணு உள்ள வரும்போது நீங்கதான் வாசிக்கணும். வேற யாரு வாசிச்சாலும் எனக்கு வேணாம்."

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. டேவிட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், குடிக்கிறதில்லை, வளைவில் பஸ்ஸை மெதுவாக ஓட்டுகிறவர். அம்மாவுக்கு நோவு வேறு இடத்தில். "அவ வேற வீட்டுக்குப் போறதுக்கு நீ மேளம் அடிக்கப் போறியா?" என்று என்னைக் கேட்டார். "என் பிள்ள வாசிச்ச பெட்டியில."

"அவன் இருந்தா அவனே வாசிச்சிருப்பாம்மா."

"அவன் இருந்தா இது எதுக்கு?"

அன்றிலிருந்து அம்மா என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். நான் ஆலயத்துச் சாவியை எடுக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் கடையை மூடிவிட்டு, பனி இறங்குவதற்குள் போய் வாசித்துவிட்டு வருவேன். நதீஷா எனக்காக ஜி மேஜரில் நாலு நாலாக எண்ணுகிற ஒரு எளிய மெட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஒரு நாள் அவளே பஸ் ஏறி வந்து, மெர்சியை வாசலிலிருந்து நடக்கச் சொல்லி, மெட்டின் நீளத்தையும் நடையின் நீளத்தையும் சரிபார்த்தாள். மெர்சி பலிபீடத்தண்டை வந்து நிற்கவும் என் கடைசிச் சத்தம் முடியவும் சரியாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மெர்சி அம்மாவிடம் தனியாகப் பேசினாள். நான் கடையிலிருந்து வந்தபோது இருவரும் அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவின் கண் சிவந்திருந்தது. மெர்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கல்யாணக் காலையில் அம்மா படுக்கையை விட்டு எழும்பவில்லை. முட்டி வலிக்கிறது, வரவில்லை என்றார். நான் சேலை கட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போய்விட்டேன். பனி ஜன்னலைத் தொட்டுக்கொண்டு நின்றது. கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. நதீஷா தாளைத் திருப்புவதற்காக வந்து என் அருகில் உட்கார்ந்து, என் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள். "தப்பு வந்தா நிக்க வேணாம் அக்கே. வீட்டுல நிக்கலாம். இங்க நிக்கக் கூடாது."

கதவு திறந்ததும் தொடங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை, தாளிலேயே கண். மூன்றாவது வரியில் இடது கை ஒரு தப்பான கட்டையில் விழுந்தது. கை நிற்கவில்லை. வலது கை போய்க்கொண்டே இருந்தது, இடது அடுத்த சத்தத்தில் வந்து சேர்ந்துகொண்டது. கடைசி வரி முடிந்து காலை எடுத்தேன். மெர்சி வந்து நின்றிருப்பாள் என்று தலையைத் தூக்கினேன்.

அவள் பாதி வழியில்தான் இருந்தாள். நான் தைத்த சந்தன நிற ஜாக்கெட்டில், தலையில் வெள்ளைத் துணியோடு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா நடந்து வந்துகொண்டிருந்தார்.

அம்மாதான், அருள். நல்ல சேலை கட்டி, அந்த வலிக்கிற காலை ஒவ்வொரு தடவையும் இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு. மெர்சி அவரை அவசரப்படுத்தவில்லை. அம்மா ஒரு அடி வைத்து நின்றால் இவளும் நின்றாள். பியானோ நின்றுபோனதில் ஆலயமே அமைதியாகிவிட்டது. அம்மாவின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கே, திரும்ப முதல்ல இருந்து," என்று நதீஷா காதோடு சொன்னாள். "மெதுவா. அம்மாவைப் பாருங்க."

திரும்பத் தொடங்கினேன். கையைப் பார்ப்பதா, தாளைப் பார்ப்பதா என்று எத்தனை நாள் அந்தப் பிள்ளையை நச்சரித்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டையும் பார்க்கவில்லை. அம்மாவின் காலைப் பார்த்தேன். அவர் அடி வைக்கும்போது இடது கையை வைத்தேன். அவர் நின்றபோது பெடலில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நாலு நாலாக எண்ணவே இல்லை. அம்மா வந்து சேர்ந்தபோது மெட்டும் வந்து சேர்ந்தது.

அம்மா மெர்சியின் கையை டேவிட்டின் கையில் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முன் வரிசை வாங்குக்குப் போகாமல் பியானோவுக்குப் பக்கத்தில் வந்து, நதீஷா எழுந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஆராதனை முடியும் வரை ஒரு கையைப் பியானோவின் மேல்பலகையில் வைத்தபடியே இருந்தார். கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போடுகிற நேரத்துக்கு நான் வாசித்தபோதும் எடுக்கவில்லை. மரத்தின் வழியாக அந்த அதிர்வு அவருக்குப் போயிருக்கும்.

சாப்பாட்டின் போது கேட்டேன்: "வர மாட்டேன்னீங்களேம்மா?"

"பொண்ணக் கூட்டிட்டு வர ஆள் இல்லன்னா எப்படி? நம்ம வீட்டுப் பொண்ணு." பிறகு பருப்பை ஊற்றிக்கொண்டே, "மொதத் தடவ ரொம்ப வேகமா வாசிச்சிட்ட. என் முட்டி போச்சு," என்றார்.

இப்போது மெர்சியும் டேவிட்டும் பதுளையில் இருக்கிறார்கள். டேவிட்டின் பஸ் காலையில் என் கடையைத் தாண்டும்போது ஒரு சின்ன ஹாரன் அடிக்கும். அம்மா வாசலில் நின்றால் இரண்டு தரம் அடிக்கும். ஞாயிறுதோறும் நான்தான் வாசிக்கிறேன். மெதுவாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் சபை ஒரே சுருதியில் பாடுகிறது. போதகர் இனி எல்லாச் சரணத்தையும் பாடலாம் என்று ஆசைப்படுகிறார்.

நதீஷாவால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று என்னிடம் இருக்கிறது. சி, இ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மனது விரிகிறது. நடுவிலிருக்கிற இ-யை மட்டும் பக்கத்துக் கறுப்புக்கு இறக்கினால் மேஜர் மைனராகி, அதே மனது சுருங்கிவிடுகிறது. நகர்ந்தது ஒரே ஒரு விரல், அதுவும் ஒட்டியிருக்கிற அடுத்த கட்டைக்கு. ஏன் அப்படி? "புத்தகத்துல பேர் இருக்கு அக்கே, காரணம் இல்ல," என்கிறாள் அவள். உனக்கு அங்கே யாராவது சொல்லியிருக்கிறார்களா?

போன வாரம் மெர்சி வந்திருந்தாள். உண்டாகியிருக்கிறாள். அம்மாவுக்கு முதலில் சொல்லிவிட்டு, பிறகு கடைக்கு வந்து என்னிடம் சொன்னாள். எனக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

"அண்ணி, பிள்ள உங்கள அத்தைன்னுதான் கூப்பிடும்," என்றாள். "டேவிட்கிட்டயும் சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அருள். பதுளை ஆஸ்பத்திரி வாசலில் உன்னை வெள்ளைத்துணியால் மூடி வெளியே கொண்டு வந்த நாளுக்குப் பிறகு, நான் அங்கே கால் வைத்ததே இல்லை. பஸ் அந்த வழியாகப் போனால் கண்ணை மூடிக்கொள்வேன். மெர்சிக்கு வலி வருகிற நாளில் அந்த வாசலில் நான் நிற்பேன். கண்ணைத் திறந்துகொண்டு நிற்பேன். நர்ஸ் பிள்ளையைக் கொண்டு வந்து, யார் சொந்தம் என்று கேட்டால், இரண்டு கையையும் நீட்டுவேன்.

அந்தப் பிள்ளைக்கு அத்தையாகப் போகிற,
உன் அக்கா எஸ்தர்